இரண்டு கை மெசின்: வன்னிப் பட்டறையில் ஆள் ஏறி ஓட்டும் இராட்சத றோபோ கட்டும் வழி

எங்கள் பட்டறை பரந்தனுக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. உள்ளே நிற்கிற மெசினைப் பார்க்க வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தம்பி, இது எப்ப எழும்பி நடக்கும்?" நடக்காது. அதற்குக் காலே இல்லை. ஒரு வருடம் கால் வரைந்து, கணக்குப் பார்த்து, கிழித்துப் போட்ட பிறகுதான் கையில் இறங்கினோம். அந்த ஒரு வருடத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இப்போதைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். இடது கை ஓடுகிறது, பனங்குற்றி தூக்குகிறது. வலது கை மேசையில் கிடக்கிறது. ஆகவே இடது கைப் பக்கம் எழுதியது பட்டு அறிந்தது. வலது கைப் பக்கம் எழுதியது கணக்கும் விசாரணையும்.

முதலாம் படி: இரண்டு கை தேவைப்படும் வேலையைத் தேடுங்கள்

வன்னியில் பாரத்துக்குப் பஞ்சமில்லை. குளக்கட்டு மண், நெல்லு மூட்டை, கிணற்று வளையம், கல், மரம் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றை மண் அள்ளும் மெசினான ஒரு பெக்கோ செய்துவிடும். கிணற்று வளையத்தைச் சங்கிலி போட்டுத் தூக்க ஒரு கை போதும். குளக்கட்டில் மண் போடுவதற்கும் அப்படித்தான். அந்த வேலைக்கு றோபோ கட்டினால் பெக்கோக்காரன் சிரிப்பான், அவன் சிரிப்பதும் சரி.

ஒரு கை பிடித்திருக்க மறு கை வெட்டவேண்டும் என்ற இடத்தில்தான் பெக்கோ திணறும். காற்றுக்கு முறிந்து வீதிக்குக் குறுக்கே இழுபட்டுக் கிடக்கும் மரம் ஒன்று. உள்ளே கம்பி ஓடும் பழைய கொங்கிறீட் மதகு இன்னொன்று. மூன்றாவது, நாங்கள் எடுத்துக்கொண்டது: தறித்த பனையைத் துண்டாக்கி, தீராந்திக்கும் சலாகைக்கும் பிளக்கக் கொடுக்கும் வேலை. (பனை தறிக்க அனுமதி வேண்டும். அது மெசின் வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டிய விஷயம்.) உருண்டு வரும் பனங்குற்றியை நாலு பேர் உலக்கை கொடுத்துத் தள்ளுவதையும், அதில் யாரோ ஒருவரின் கால்விரல் நசிவதையும் நான் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன்.

வேலை தெரிந்தால் பாரம் தெரியும். 5 மீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குற்றியின் கன அளவு ஏறக்குறைய 0.35 கன மீற்றர். பச்சைப் பனையைத் தண்ணீரின் எடையாகவே கணக்கில் எடுங்கள். 350 கிலோ வரும். இந்த ஒரு எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். இனி வரும் சிலிண்டர், பம்ப், அடித்தளம் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கும்.

இரண்டாம் படி: முன்பு செய்தவர்கள் எங்கே விழுந்தார்கள் என்று பாருங்கள்

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி 1960களில் ஹார்டிமன் என்று ஒன்றைத் தொடங்கியது. ஆள் அதற்குள் நுழைந்து சட்டை போலப் போட்டுக்கொள்ள வேண்டும். 680 கிலோ தூக்க வேண்டும் என்பது எண்ணம். மெசினின் எடையும் அதே 680 கிலோ அளவு. முழு உடம்பையும் ஒன்றாக இயக்கினால் அது கட்டுக்கடங்காமல் உதறியது. ஆளை உள்ளே வைத்து அதை முழுதாக ஓட்டவே இல்லை. கடைசியில் ஒரு கை மட்டும் வேலை செய்தது. அந்தக் கை தூக்கியது 340 கிலோ. எங்கள் பனங்குற்றியின் எடை! அந்த வரியை வாசித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதல்.

அதே கம்பனி நாலு கால் லொறி ஒன்றும் கட்டியது. ஓட்டுநரின் இரண்டு கையும் இரண்டு காலும் மெசினின் நாலு காலை ஆட்டவேண்டும். 3 மீற்றருக்கு மேல் உயரம், 1.4 தொன் அளவு எடை. நன்றாகவே நடந்தது. ஆனால் கால் மணித்தியாலத்தில் ஓட்டுநர் களைத்துப்போவார். ஒவ்வொரு அடிக்கும் மூளை வேலை செய்யவேண்டுமென்றால் யார்தான் தாங்குவார்?

பின்லாந்தில் 1990களில் காட்டு மரம் வெட்ட ஆறு கால் மெசின் ஒன்று வந்தது. அழகாக நடந்தது, விற்பனைக்கு வரவில்லை. யப்பானில் 2012இல் வந்த குராத்தாஸ் 4 மீற்றர் உயரம், 2023இல் வந்த ஆர்காக்ஸ் 4.5 மீற்றர் உயரமும் 3.5 தொன் எடையும். இரண்டும் மனித உருவம்தான். ஆனால் காலுக்குக் கீழே குனிந்து பாருங்கள், சில்லு இருக்கும். ஆர்காக்ஸின் விலை 40 கோடி யென். அதை வாங்குகிறவருக்குப் பனங்குற்றி தூக்கும் தேவை இருக்காது.

உழைக்கிற மெசின்கள் வேறு மாதிரி. யப்பானின் ஹிட்டாச்சி 2005 அளவில் அஸ்டாகோ என்று இரட்டைக்கை பெக்கோ ஒன்றைக் காட்டியது. ஒரு கை பிடிக்க மறு கை வெட்டும், இடிபாடு அகற்றத்தான் அது. 2024 ஜூலை முதல் மேற்கு யப்பான் ரயில்வே, மின்கம்பி வேலைக்கு ஒரு பெரிய மனித உருவ றோபோவைப் பயன்படுத்துகிறது. லொறிக்கு மேல் ஒரு தூக்கியில் இடுப்புக்கு மேற்பட்ட உடம்பு மட்டும். 12 மீற்றர் உயரத்தில் 40 கிலோ தூக்கும், கிளை வெட்டும், பெயின்ற் அடிக்கும். ஓட்டுநர் கீழே லொறிக்குள் இருந்து, கண்ணில் மாட்டிய திரையில் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். அதற்கும் கால் இல்லை.

மூன்றாம் படி: காலை மறக்கக் கணக்குப் பாருங்கள்

சொன்னால் நம்பமாட்டீர்கள், பேப்பரை எடுங்கள். மெசின் 4500 கிலோ என்று வைப்போம். கை 250 கிலோ, அதன் நுனியில் கவ்வி 120 கிலோ, குற்றி 350 கிலோ. தோள், மெசினின் நடுவிலிருந்து 0.6 மீற்றர் தள்ளி இருக்கிறது, கை 3 மீற்றர் நீளம். பக்கவாட்டில் முழுதாக நீட்டினால் 470 கிலோ பாரம் நடுவிலிருந்து 3.6 மீற்றரில் தொங்கும். கையின் சொந்த எடை 2.1 மீற்றரில்.

ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். பாதம் அரை மீற்றர் அகலம் என்றால் நடுவிலிருந்து விளிம்பு 0.25 மீற்றர். மெசினை நிறுத்தி வைக்கும் பக்கம் 4500ஐ 0.25ஆல் பெருக்க, 1125. கவிழ்க்கும் பக்கம், அதே விளிம்பிலிருந்து தூரத்தை அளந்தால், 470ஐ 3.35ஆலும் 250ஐ 1.85ஆலும் பெருக்கிக் கூட்ட, 2037. விழுந்தது. 4 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஓட்டுநர் நிலத்தைத் தொடும்போது வேகம் மணிக்கு 32 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அவருக்குப் பின்னால் வருவது நாலரைத் தொன் இரும்பு.

அதே மெசினைச் செயின் சில்லில் வையுங்கள். நடுவிலிருந்து செயினின் நடுக்கோடு 0.8 மீற்றர். நிறுத்தும் பக்கம் 3600, கவிழ்க்கும் பக்கம் 1641. இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு.

மண்ணும் ஒரு காரணம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்ந்த வயல் மண்ணில், மாரியில் ஒரு மாடு நின்றாலே குளம்பு புதையும். 50க்கு 80 சென்ரிமீற்றர் பாதத்தில் மொத்தம் 5200 கிலோ இறங்கினால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1.3 கிலோ. 40 சென்ரிமீற்றர் அகலம், நிலத்தில் 160 சென்ரிமீற்றர் படியும் இரண்டு செயினில் அது 0.4 கிலோ. நெல்லு வெட்டும் மெசின் வயலுக்குள் ஏன் ரப்பர் செயினோடு வருகிறது என்பதற்கும் இதே கணக்குத்தான்.

இன்னொரு எச்சரிக்கை: சமதரையில் 2.2 மடங்காக இருந்த கையிருப்பு, 10 பாகைச் சரிவில் பாரத்தைப் பள்ளப் பக்கம் நீட்டினால் 1.4 ஆகிவிடும். கை வேகமாகச் சுழன்று சட்டென்று நின்றால் மிச்சமும் போய்விடும். குளக்கட்டுச் சரிவில் பக்கவாட்டாக நீட்டவே வேண்டாம்.

நாலாம் படி: அடித்தளத்துக்கு ஒரு பழைய மினி பெக்கோ

யப்பானிலிருந்து வரும் 4, 5 தொன் வகுப்பு பாவித்த மினி பெக்கோ ஒன்று எடுங்கள். செயின், சுழல் வளையம், டீசல் எஞ்சின், பம்ப், ஒயில் தாங்கி, கூடு எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். இவற்றைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தப் போனால் காசும் போய் காலமும் போகும். வாங்கும்போது வாளியையும் பெயின்ரையும் பார்க்காதீர்கள். சுழல் வளையத்தில் ஆட்டம் இருக்கிறதா, எஞ்சின் சூடான பிறகும் பம்ப் அழுத்தம் நிற்கிறதா, இரண்டு செயின் மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். மேட்டில் ஏற்றிப் பார்க்க விற்கிறவர் மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) எஞ்சின் போதுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. போதாது. கணக்கு அடுத்த படியில் வருகிறது.

ஐந்தாம் படி: கை

இதில்தான் நேரம் போகும், போகவும் வேண்டும்.

இரண்டு கையும் ஒரே அளவாக இருக்கத் தேவையில்லை. கடற்கரையில் ஒரு கை பெருத்த சின்ன நண்டு ஓடுமே, அதைப் பாருங்கள். இடது கை பிடிக்க, வலது கை வெட்ட. பிடிக்கிற கைக்கு 350 கிலோ. வெட்டுகிற கைக்கு 40 கிலோ அளவுக் கருவி. இதை ஒத்துக்கொண்டால் இரும்பும் ஒயிலும் நிறைய மிச்சம்.

பெருத்த கையின் தோளுக்கு வருவோம். 470 கிலோ 3 மீற்றரில், 250 கிலோ 1.5 மீற்றரில். கூட்டினால் 1785 கிலோ மீற்றர், அதாவது 17.5 கிலோநியூட்டன் மீற்றர். சிலிண்டர், தோள் மூட்டின் அச்சுப் பின்னிலிருந்து 35 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால் 50 கிலோநியூட்டன் தள்ளவேண்டும். உதறலுக்கும் சட்டென்று நிற்பதற்கும் ஒன்றரை மடங்கு சேருங்கள், 75. மினி பெக்கோ பம்பில் 180 பார் அழுத்தம் தாராளமாக எடுக்கலாம். அந்த அழுத்தத்தில் 80 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சிலிண்டர் 90 கிலோநியூட்டன் தள்ளும். சரி, போதும்.

போதும் என்று நினைத்துத்தான் நாங்கள் பிழை விட்டோம். இடம் வசதியாக இருந்தது என்று சிலிண்டரை இழுக்கும் பக்கமாகப் பொருத்தினோம். இழுக்கும்போது ஒயில் தள்ளும் பரப்பிலிருந்து தண்டின் பரப்புக் கழியும். 45 மில்லிமீற்றர் தண்டு என்றால் 90 அல்ல, 62தான் கிடைக்கும். குற்றி நிலத்தைவிட்டு எழும்பியது, பிறகு நடுவில் நின்றுவிட்டது. பம்ப் பழுது என்று இரண்டு நாள் பம்பைக் கழற்றிப் பூட்டிய கதையை விடுங்கள். தூக்கும் வேலை எப்போதும் தள்ளும் பக்கம் வரவேண்டும்.

வேகம்: அரை மீற்றர் ஓட்டமுள்ள அந்தச் சிலிண்டர் 2.5 லீற்றர் குடிக்கும். 5 செக்கனில் நிரப்ப நிமிடத்துக்கு 30 லீற்றர் வேண்டும். இரண்டு மூன்று மூட்டு ஒன்றாக அசைய 60 லீற்றர். 180 பாரில் 60 லீற்றர் என்றால் 18 கிலோவாற். நட்டம் சேர்த்து 22, 23. ஏறக்குறைய 30 குதிரைவலு. 5 தொன் பெக்கோவில் 40 அளவில் இருக்கும். லாண்ட்மாஸ்டரில் அதில் பாதிகூடக் கிடையாது.

கையின் எலும்புக்கு 8 மில்லிமீற்றர் தகட்டைப் பெட்டியாக ஒட்டுங்கள். ஐ வடிவ இரும்பு முறுக்குக்குத் தாங்காது. குற்றியை ஓரத்தில் பிடித்தால் கை முறுகும். 7018 வெல்டிங் ரொட் பாவிக்கவும். அது ஈரம் குடித்தால் ஒட்டுக்குள் வெடிப்பு வரும். மாரியில் பக்கற்றை உடைத்து வெளியே வைத்துவிட்டு அடுத்த நாள் ஒட்டாதீர்கள், சூடாக்கி உலர்த்திய பிறகே எடுங்கள். மூட்டுகளின் அச்சுப் பின்களுக்குப் புஸ் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கிறீஸ் நிப்பிள் வையுங்கள்.

இரும்பு எங்கே எடுப்பது? இங்கே இரண்டு விஷயம் வன்னிக்கே உரியவை. ஒன்று, தண்டவாளம். யுத்தகாலத்தில் பங்கருக்குப் போன தண்டவாளத் துண்டு இன்னும் பல வளவுகளில் கிடக்கிறது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கரிச்சத்து கூடிய இரும்பு. சாதாரணமாக ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போல் வெடிக்கும். அதைக் கையில் சேர்க்காதீர்கள். பட்டறைக்குள் சம்மட்டி அடிக்கும் கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றது, பழைய இரும்புக் கடையில் வாயடைத்த குழாய், உருளை, எதுவென்று தெரியாத எதையும் தொடவேண்டாம், காஸ் கட்டர் வைக்கவே வேண்டாம். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை, கண், உயிர் இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். கணக்குப் பார்த்து எடுக்கும் கைக்குப் புதுத் தகடுதான் மலிவு.

ஆறாம் படி: ஒயில் ஓடும் வழி

ஒவ்வொரு தூக்கும் சிலிண்டரிலும், சிலிண்டரோடு ஒட்டியே, ஹோஸ் வெடித்தால் ஒயிலைப் பூட்டும் வால்வு ஒன்று வேண்டும். ஹோஸின் மற்ற முனையில் வைத்தால் பிரயோசனமில்லை. மாங்குளப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் ஹோஸ் வெடித்து ஒரு பெக்கோ கை விழுந்ததைக் கண்ணால் கண்டேன். கீழே தண்ணீர் வாளி மட்டும்தான் இருந்தது, அது தகடாகிவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன் அந்த வாளிக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்தார்.

எங்கள் வெயிலில் ஒயில் கெதியாகச் சூடாகும். 80 பாகையைத் தாண்டினால் சீல் இறுகி வெடிக்கும், ஒயிலும் தண்ணீராகும். 46ஆம் நம்பர் ஒயிலுக்குப் பதில் தடிப்புக் கூடிய 68 போடலாமா என்று மெசினின் புத்தகத்தைப் பார்த்து முடிவெடுங்கள். ஒயில் ஆற்றும் ரேடியேற்றரைச் செம்மண் தூசி அடைக்கும். தினமும் காற்றடித்துச் சுத்தப்படுத்தவேண்டும். புதிய குழாய் எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன் கழுவி ஊதுங்கள். ஒரு துளி வெல்டிங் பொரி ஒரு வால்வைச் சிக்கவைக்கப் போதும்.

ஒயில் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஊசித் துளையால் 180 பாரில் வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளி, நோவும் முதலில் குறைவு. உள்ளே சதை அழுகத் தொடங்கும். காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள். மீறி யாருக்கும் பட்டுவிட்டால், நோ இல்லை என்று வீட்டுக்கு விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். "அழுத்தத்தில் ஒயில் உள்ளே போய்விட்டது" என்று சொல்லியே காட்டுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படும்.

ஏழாம் படி: ஆளின் கையும் மெசினின் கையும்

பெக்கோவில் இரண்டு தடியால் நாலு அசைவு. இரண்டு கைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு, கவ்வி என்று பத்துக்கு மேல் வரும். அத்தனை தடியைப் பிடிக்க மனிதனுக்குக் கை இல்லை. ஆகவே நாங்கள் ஓட்டுநரின் கதிரைப் பக்கத்தில் சின்னதாக ஒரு அலுமினியக் கை வைத்தோம். 30 சென்ரிமீற்றர் நீளம், ஒவ்வொரு மூட்டிலும் பாகையை அளக்கும் சென்சர். ஓட்டுநர் அதை வளைத்தால் பெரிய கையும் அதே கோணத்துக்கு வளையும். பெரிய கையின் மூட்டுகளிலும் சென்சர் உண்டு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்து ஒரு சின்னக் கொன்ட்ரோலர் பலகை, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் மின்வால்வுகளுக்குக் கட்டளை கொடுக்கும். பாடசாலைப் பொடியன்கள் விளையாடும் ஆர்டுயினோ வகைப் பலகையில் தொடங்கலாம். ஆனால் எஞ்சின் அதிர்வில் அதன் ஊசி இணைப்புகள் கழன்றுவிடும், பிறகு கட்டாயம் மாற்றவேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கின்றன. அங்கே படித்த ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

30 சென்ரிமீற்றர் 3 மீற்றராவது பத்து மடங்கு. உங்கள் கை ஒரு சென்ரிமீற்றர் நடுங்கினால் குற்றி பத்துச் சென்ரிமீற்றர் ஆடும். நடுக்கத்தை வடிகட்டவும், உச்ச வேகத்தைக் கட்டவும் வேண்டும். வடிகட்டல் கூடினால் கை பிந்தும், பிந்தினால் ஓட்டுநர் இன்னும் தள்ளுவார், பிறகு அது பாய்ந்து வரும். இந்த இரண்டுக்கும் நடுவே இடம் பிடிக்க எங்களுக்கு நாலு மாதம் போனது.

ஒரு பிழையை மட்டும் நீங்கள் விடவே கூடாது. மெசினை நிறுத்தும்போது பெரிய கை கீழே கிடக்கிறது. அடுத்த நாள் சுவிச்சைப் போடுகிறீர்கள். சின்னக் கை அப்போது மேலே தூக்கியபடி இருந்தால்? பெரிய கை அந்தக் கணமே மேலே பாயும். எங்கள் பட்டறைக் கூரையில் இன்றைக்கும் ஒரு தகரம் புதிதாக மினுங்கும், அது அன்றைக்கு மாற்றியது. இப்போது இரண்டு கையும் ஐந்து பாகைக்குள் ஒத்துவரும்வரை வால்வுக்கு மின்சாரமே போகாது.

பாரம் கைக்குத் தெரியவேண்டும் என்பதும் முக்கியம். குற்றி எங்கோ சிக்கியிருப்பது தெரியாமல் இழுத்தால் மெசின் கவிழும். பாரத்தை முழுதாகக் கைக்குத் திருப்பிக் கொடுப்பது காசு கூடிய வேலை. நாங்கள் தோள் சிலிண்டரில் ஒரு அழுத்த சென்சர் வைத்து, அழுத்தம் ஏற ஏறப் பிடியில் ஒரு சின்ன மோட்டாரை அதிரவிட்டோம். பழைய கைத்தொலைபேசி அதிர்வது போல்தான். ஒரு கிழமையில் ஓட்டுநருக்கு அது மொழியாகிவிட்டது.

பிடியில் ஓட்டுநர் அழுத்தியபடி இருக்கவேண்டிய சுவிச்சு ஒன்று. விட்டால் எல்லாம் நிற்கும். சிவப்பு அவசரப் பொத்தான் உள்ளே ஒன்று, வெளியே இரண்டு. அவற்றின் வயர் கொன்ட்ரோலர் பலகைக்குப் போகக்கூடாது; நேரே வால்வுகளின் மின்சாரத்தையும் எஞ்சினையும் வெட்டவேண்டும். மின்சாரம் போனால் வால்வு ஸ்பிரிங்கால் நடுவுக்கு வந்து கை நின்ற இடத்தில் பூட்டவேண்டும், விழக்கூடாது.

எட்டாம் படி: கூடு

மினி பெக்கோ கூட்டை வெட்டிக் கண்ணாடி வைத்து அழகாக்க ஆசை வரும். வேண்டாம். கவிழ்ந்தால் நசியாமல் இருக்க அந்தச் சட்டத்தைக் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். அதில் துளை போடாதீர்கள், ஒட்டாதீர்கள். பெல்ற் கட்டாயம். கதவு அடைபட்டால் வெளியேற இரண்டாவது வழி வேண்டும்.

வலது கைக்கு ஹைட்ரோலிக் சங்கிலி வாள் பூட்டப்போகிறீர்கள் என்றால், முன் கண்ணாடியைத் தடித்த பாலிகார்பனேற்றாக மாற்றுங்கள். அந்தச் சங்கிலி அறுந்தால் ஒரு கண்ணி துவக்குச் சன்னம் போல வரும், சாதாரணக் கண்ணாடி நிற்காது. வாள் அலகு பார்க்கும் நேர்க்கோட்டில் ஓட்டுநரும் வேறு ஆட்களும் இருக்கக்கூடாது. காட்டில் மரம் வெட்டும் பெரிய மெசின்களில் 70 மீற்றருக்குள் ஆட்களை விடாதே என்று எழுதியிருப்பதைக் காணலாம். எங்கள் ஊரில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் 7 மீற்றரில் நிற்பார்கள். கயிறு கட்டி, ஒரு ஆளையும் விடுங்கள்.

ஒன்பதாம் படி: சோதனை

முதல் மாதம் உள்ளே ஆள் ஏறவேண்டாம். நீளமான வயரில் சின்னக் கையை வெளியே எடுத்து, 10 மீற்றர் தள்ளி நின்று ஓட்டுங்கள். பாரத்துக்கு 210 லீற்றர் தகரப் பீப்பாய் நல்லது. வெறும் பீப்பாயைத் தூக்கி, இறக்கி, பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு ஏற்றலாம். எடை எவ்வளவு என்று எப்போதும் தெரியும், ஏதும் நடந்தால் கொட்டுவது தண்ணீர்தான். இரண்டு பீப்பாய் வரை போய், 440 கிலோ ஆனதும் நிறுத்துங்கள். அது வேலைப் பாரத்தின் ஒன்றேகால் மடங்கு. அதைத் தூக்கியபடி பத்து நிமிடம் விட்டு, கை எவ்வளவு இறங்குகிறது என்று தடியால் அளந்து குறியுங்கள். பிறகு ஒவ்வொரு ஒட்டையும் கழுவி, மெல்லிய ஒயில் பூசி ஊறவிட்டு, துடைத்து, சுண்ணாம்புத்தூள் பூசிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் ஒயில் கோடாகக் காட்டும். எங்கள் கையில் முழங்கைக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. அரைத்து எடுத்து, திரும்ப ஒட்டி, முதலிலிருந்து தொடங்கினோம்.

ஆள் ஏறும் முதல் நாளில் சமதரை, காய்ந்த மண், பாதிப் பாரம்.

பத்தாம் படி: வெளியே கொண்டுபோதல்

செயின் சில்லோடு தார் வீதியில் ஓட்டவேண்டாம், லோபெட்டில், அதாவது தட்டுத் தாழ்ந்த லொறியில், ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு மொத்த உயரத்தை அளந்து, போகும் வழியில் குறுக்கே போகும் மின்கம்பிகளைப் பகலிலேயே ஒருமுறை பார்த்து வாருங்கள். கையை நிமிர்த்தியபடி வளவுக்குள் திருப்பும்போது கம்பியை மறந்துபோவது மிகச் சுலபம்.

முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடம் இழுத்தது என்று எங்களுக்குத் தெரியும். மெசின் பாரமானது, கூடு இரும்பு என்று நினைத்துத் துப்புரவாக்காத காணிக்குள் விடாதீர்கள். இது கவசம் போட்ட மெசின் அல்ல. சிவப்புப் பலகை இருந்தாலும், இல்லாமல் காணிக்காரர் "அங்கால கொஞ்சம் யோசிக்கவேணும்" என்று இழுத்தாலும், வேலையை விட்டுவிட்டு வாருங்கள். புதிதாகக் காடு வெட்டும் காணி என்றால் கிராம அலுவலரைக் கேட்டபிறகு போங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எல்லாப் பின்னுக்கும் கிறீஸ். முதல் 50 மணித்தியாலத்தில் பில்ற்றர் மாற்றம், அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே எது தேய்கிறதென்று தெரியும். ஒட்டுகளைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். பின்னேரம் வேலை முடிந்தால் இரண்டு கையையும் நிலத்தில் படுக்கவைத்து, எஞ்சினை நிறுத்திய பிறகு தடிகளை அசைத்து அழுத்தத்தை இறக்கவேண்டும். தூக்கியபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. திறப்பைக் கழற்றிப் பொக்கற்றில் போடுங்கள். நீங்கள் படலையைத் தாண்டுவதற்குள் பக்கத்து வளவுப் பிள்ளைகள் கதிரையில் ஏறியிருப்பார்கள்.